பறிக்காத பத்தொன்பது செடிகள்

குளியலறை பல்பைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் இருந்தது.

அவள் முதலில் பல்பைத்தான் சந்தேகப்பட்டாள். ஸ்டூல் போட்டு ஏறுகிற நிலையில் உடம்பு இல்லை என்பதால் துடைப்பக் கட்டையின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, கீழே நின்றபடியே துடைத்துப் பார்த்தாள். வளையம் போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்போதும் போகவில்லை. ஹாலுக்கு வந்து டியூப் லைட்டைப் போட்டால் அதற்கும் ஒன்று இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே பால் பாக்கெட்டுக்கு மேலே எரிந்த குட்டி விளக்குக்கும் பொடிசாக ஒன்று. அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து வீட்டு விளக்குகளெல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்த மறந்து அப்படியே நின்றாள். இந்த வளையத்தை அவள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"டாக்டரம்மா, பல்பைச் சுத்தி மஞ்சளா வட்டம் கட்டியிருக்கே, யாரு பெயின்ட் அடிச்சது?"

இதே ஹாலில், சாய்வு நாற்காலியில் படுத்தபடி மாமா கேட்ட கேள்வி அது. மாமா என்றால் கணவனின் அப்பா. போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் கேட்டார். "வயசானா கண்ணுல புரை விழும் மாமா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சிரித்துக்கொண்டே அவர் கையில் கஷாய டம்ளரைக் கொடுத்தாள் அவள். அன்றிலிருந்து பதினெட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை. கணவன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்று வாரமாக அவளுக்கு உடம்பு சரியில்லை. முதலில் வெறும் சளிதான், கணவன் கஷாயம் போட்டுக் கொடுத்தான். அப்புறம் பசி போனது. பிறகு குமட்டல். பிறகு கால்கள் கடன் வாங்கி வந்தவை போல அவள் பேச்சைக் கேட்காமல் ஆயின. எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது நெஞ்சுத் துடிப்புதான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வரும். தாமதமாக வரும். டாக்டரிடம் போகலாம் என்றபோது கணவன், "அப்பா போன துக்கம் உன் உடம்புல இறங்கியிருக்கு. ரெஸ்ட் எடுத்தா சரியாப் போயிடும்" என்றான். அதிலிருந்து சமையல், துணி, கஷாயம் எல்லாம் அவன் பொறுப்பு. பதினான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், வேளை தவறாமல் மருந்து போட்டுக் கொடுத்தான். இன்று மத்தியானம்கூட இதற்காகவே சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்து, டம்ளரின் அடியில் நின்றதையும் கரண்டியால் வழித்து ஊட்டிவிட்டுப் போனான். இந்தக் கரிசனத்துக்காகவே இன்னும் நாலு நாள் படுத்துக்கிடக்கலாம் என்று அவள் நினைத்தது நிஜம்.

அவன் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சான்றிதழ்களில் பெயர் எழுதுவது அவன் வேலை. முத்து முத்தாக எழுதுவான் என்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் முத்தெழுத்து. அதில் இன்னொரு வித்தையும் உண்டு. தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் கையெழுத்தை அவரே அசந்துபோகிற மாதிரிப் போட்டுவிடுவான். கல்யாணமான புதிதில் அவளுடைய கையெழுத்தையும் போட்டுக் காட்டி, "இதுல எது உன்னது, சொல்லு பாக்கலாம்" என்று விளையாடியிருக்கிறான். ஒருமுறைகூட அவளால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அவளுக்கென்று இருந்தது தோட்டம் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தி. புதினா, எலுமிச்சைப்புல், கற்றாழை, வயிற்றுக்கு ஒன்று, தொண்டைக்கு ஒன்று. தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "எங்க வீட்டு டாக்டரம்மா ஃபீஸ் வாங்கமாட்டா, அறிவுரைதான் அரை மணி நேரம் தருவா" என்று மாமா கிண்டல் பண்ணுவார். பாத்திகளில் அவள் உயிரை வைத்திருந்தது மஞ்சள் பூச்செடி மேல். விதைப் பாக்கெட்டில் ஈவினிங் பிரிம்ரோஸ் என்று போட்டிருந்தது. மாமாவின் வாயில் அது நுழையவில்லை. சாயங்காலம் பூக்கிறது, மஞ்சளாக இருக்கிறது, போதாதா என்று அந்தி மஞ்சள் ஆக்கிவிட்டார்.

அந்தி மஞ்சள் விதையை மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. மேலே தூவி, விரலால் அழுத்தி, வெளிச்சம் படும்படி விட்டுவிட வேண்டும். முதல் வருடம் இலை மட்டும் தரையோடு தரையாக வட்டமாகப் படரும். இரண்டாம் வருடம் நடுவிலிருந்து தண்டு எழும்பி, பூத்து, விதை சிந்தி, செத்துப்போகும். பூக்கிற நேரம்தான் வேடிக்கை. வெயில் இறங்கியதும் மொட்டின் பச்சை மூடி படக்கென்று பின்னால் மடங்கும், சுருட்டி வைத்த இதழ்கள் கண்ணெதிரே விரியும். முதல் தடவை நட்ட செடிகள் பூத்த வருடம் மாமா ஒரு நாள் தவறாமல் கல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு செடியிலும் அன்றைய முதல் பூ விரியும்போது, இரும்புப் பூண் போட்ட தடியால் பாத்தி ஓரத்துக் கல்லில் ஒரு தட்டு. டொக். "ஒண்ணு." டொக். "ரெண்டு." இன்னொரு கையில் அவருடைய சில்வர் டம்ளர் இருக்கும். கை நடுங்கும். தீர்ந்துபோனால் ஒன்றும் சொல்லாமல் காலி டம்ளரை அவள் பக்கமாக நீட்டுவார், அது நடுங்கிக்கொண்டே காத்திருக்கும்.

போன வருடம் அவள் புதிதாக இருபத்துநான்கு செடிக்கு விதை போட்டாள். சமையலறைக் கதவுப் பக்கம் இருந்த ஐந்தை நத்தை தின்றுவிட்டது. அதைச் சொல்லி அவள் புலம்பிய மறுநாள், கணவன் அலுவலகத்திலிருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டியில் ஐந்து நாற்று கொண்டுவந்தான். தானே குழி தோண்டி, தானே நட்டான். சட்டைக் கையில் மண். அவன் தோட்டத்தில் கால் வைத்தது அன்று ஒரு நாள்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்த இலைகள் கொஞ்சம் தடிப்பாக இருந்தன. தடவினால் கம்பளி மாதிரி மெத்தென்றிருந்தன. அந்தி மஞ்சள் இலை அப்படி இருக்காது. ஐந்து வருடமாக அதே இலையோடு புழங்குகிற அவளுக்குத் தெரியாததா? "வேற ரகமாம், நர்சரில சொன்னான்" என்றான் அவன். சரி என்று விட்டுவிட்டாள். பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவை புருஷன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? வேறு யார் கொடுத்திருந்தாலும் பிடுங்கி எறிந்திருப்பாள். அந்த ஐந்துதான் மற்றவற்றைவிடச் செழிப்பாக வளர்ந்தன. குளிர்காலத்தில் மாமாவுக்கு மூட்டுவலியும் தூக்கமின்மையும் வந்து, அந்தி மஞ்சள் இலையில் அவள் கஷாயம் போடப் போனபோது, "கதவுப் பக்கத்துல இருக்கறதைப் பறிச்சுப் போடேன், பெரிய பெரிய இலையா இருக்கு" என்றான் அவன். அதைத்தான் பறித்தாள்.

இப்போது, ஃப்ரிட்ஜின் குளிர் கால் விரல்களில் இறங்க, இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. அவள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

தட்டும் சத்தம் ஆரம்பித்தது மூன்று வாரத்துக்கு முன்னால்.

இந்த வருடத்து முதல் பூக்கள் விரிந்த சாயங்காலம். அவள் படுக்கையறையில் கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாத்தி தெரியும், முழுதாகத் தெரியாது. சமையலறைப் பக்கத்து முனையைத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். முதல் செடியில் முதல் பூ மடல் அவிழ்ந்தது. டொக். கல்லில் இரும்பு.  அந்தத் தடி இந்த வீட்டில் இல்லை. மாமாவைக் கொண்டுபோன அன்று அதையும் அவரோடேயே வைத்து அனுப்பினார்கள், அவள்தான் தன் கையால் வைத்தாள். அடுத்த செடி. டொக். அன்று பத்தொன்பது தட்டு கேட்டு நின்றுவிட்டது. மறுநாளும் பத்தொன்பது. அதற்கு மறுநாளும். இருபத்துநான்கு செடிக்குப் பத்தொன்பது தட்டுதான்.

கணவனிடம் சொன்னாள். அவன் சோறு பிசைந்த கையை ஒரு நிமிடம் நிறுத்தி, "எத்தனை தட்டுன்னு சொன்ன?" என்று கேட்டான். பிறகு, "அது உன் காதுக்குள்ள ரத்தம் ஓடற சத்தம்" என்று முடித்துவிட்டான். மறுநாள், வெயில் அடிக்கிறது என்று சமையலறை ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டினான். படி வழுக்குகிறது என்று பின்கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டான். வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று அவளுடைய செல்போனைத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

முதல் இரண்டு நாள் அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். என் கையால் எதுவோ தப்பாகப் போய்விட்டது, அதைக் கேட்கத்தான் வருகிறார் என்று தோன்றியது. பிறகு அந்தப் பயம் மெல்ல வேறாக மாறியது. அவர் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. "என் கஷாயத்தை நீதான் போடணும், வேற யார் கையும் வேண்டாம்" என்று கடைசி நாள்வரை பிடிவாதம் பிடித்தவர். அவர் வந்தால் அவளுக்காகத்தான் வருவார். எண்ணிக்கை குறைகிறது பார், என்கிறார். போய்ப் பார், என்கிறார்.

ஐந்து நாற்பது. ஃப்ரிட்ஜைச் சாத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கரண்டியால் தாழ்ப்பாளை நெம்பித் தள்ளிப் பின்கதவைத் திறந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்க்கிற தோட்டம் அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி ஈர மண்வாசனையையும் கசங்கிய புதினா வாசனையையும் ஒரே மூச்சில் முகத்தில் விட்டது. வெயில் மதில்மேல் கடைசியாக ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மார்பளவு உயரத்துக்கு எழுந்து நின்ற அந்தி மஞ்சள் தண்டுகள், நுனியெல்லாம் இறுகிய மொட்டுகளோடு, காற்றே இல்லாதபோதும் லேசாக ஆடின. ஒவ்வொரு மொட்டைச் சுற்றியும் அவள் கண்ணுக்கு ஒரு மங்கல் வளையம். படியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள்.

தொட்டிக்கு இந்தப் பக்கம் அந்த ஐந்து செடிகள்.

அவற்றில் மஞ்சள் இல்லை. தண்டு முழுக்க ஒரு பக்கமாகத் தொங்கும் ஊதா மணிகள், வாயைத் திறந்துகொண்டு, உள்ளே புள்ளி புள்ளியாக. மூலிகை வளர்க்கிறவர்களுக்கு முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், எதை நடலாம் என்பதற்கு முன்னால் எதை நடவே கூடாது என்று. பூக்காதவரை இலை பிடிபடாது, கம்பளி மாதிரி இருக்கும், உள்ளே போனால் நெஞ்சுத் துடிப்பை அடக்கிவிடும், கவனம் என்று. அவளே தெருப் பெண்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

அவள் பார்த்தது பூவை மட்டும் இல்லை. அந்த ஐந்து தண்டுகளிலும் கீழே ஓர் இலைகூட இல்லை. காம்பு ஒட்டக் கிள்ளி எடுத்த வடுக்கள் தண்டைச் சுற்றிலும் இருந்தன, சில காய்ந்து, சில இன்றைக்கு எடுத்த பச்சையோடு. பாத்தி நெடுகத் திரும்பிப் பார்த்தாள். மற்றப் பத்தொன்பது செடிகளிலும் அடி இலை நுனி இலை எல்லாம் அப்படியே இருந்தன. மூன்று வாரமாக வேளைக்கு ஒரு டம்ளர் குடித்திருக்கிறாள். அந்தப் பத்தொன்பதில் ஓர் இலையைக்கூட யாரும் பறிக்கவில்லை.

 வாயில் விரலை விட்டாள். கசந்த நீர்தான் வந்தது. மத்தியானம் குடித்தது எப்போதோ உள்ளே போய்விட்டது. கரண்டியால் வழித்து ஊட்டியது. அவன் கையால் ஊட்டியது.

நோட்டு.

தோட்டத்தில் நட்டது, பறித்ததெல்லாம் அவள் தேதி போட்டு எழுதிவைக்கிற நோட்டு. நட்ட தேதி அதில் இருக்கும். அவன் வாங்கி வந்தான் என்று எழுதியிருக்கிறாள். அதைக் காட்டினால் யாராவது நம்புவார்கள். மறுபடி படி ஏறினாள், கையும் காலுமாக. சமையலறை இழுப்பறையில் அவளுடைய தோட்ட நோட்டு அதே இடத்தில் இருந்தது. பழைய பக்கங்களிலெல்லாம் மண். வேலை நடுவில் எழுதுகிற பழக்கம் என்பதால் பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் ரேகையாவது பதிந்திருக்கும். நத்தை தின்ற நாள் இருந்தது. அடுத்த நாள், அவள் அழுத நாள், "இன்று அவர் ஐந்து செடி வாங்கி வந்து நட்டார்" என்று எழுதிய நாள். அந்தப் பக்கம் இருந்தது. அந்த வரி இல்லை. "சந்தையில் ஐந்து செடி வாங்கி வந்து நட்டேன். விஷச் செடி. வேண்டியிருக்கும்" என்று இருந்தது.

அவளுடைய கையெழுத்து. அவளுடைய வளைவுகள், அவளுடைய சாய்வு. அந்தப் பக்கத்தில் மட்டும் மண் இல்லை. சலவை செய்த மாதிரிச் சுத்தமாக இருந்தது.

புரட்டினாள். குளிர்கால மாதங்கள். சுத்தமான பக்கங்கள். "மாமாவுக்கு இன்று இரண்டு மடங்கு." "கண்ணில் மஞ்சள் தெரிகிறதாம். வேலை செய்கிறது." அவள் எழுதாத வரிகள். அவள் கனவில்கூட நினைக்காத வரிகள். எழுத்து அவளுடையது. இதுல எது உன்னது, சொல்லு பாக்கலாம்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தாள். மேலே தேதி இருந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

நாளைத் தேதி.

"காலையிலிருந்து எழ முடியவில்லை. மாமாவுக்குக் கொடுத்ததைத்தான் நானும் குடித்தேன். தெரிந்தேதான் குடித்தேன். என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. அவரை யாரும் கேட்க வேண்டாம்."

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

ஓட வேண்டும். எப்படி ஓடுவது என்பதைக் கால்கள் மறந்திருந்தன. பின்கதவு. படி. பின்பக்க கேட். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, புதுப் பூட்டு. மதில் அவளைவிட இரண்டு மடங்கு உயரம். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று வந்தது, குரல் வரவில்லை. நெஞ்சில் ஓர் இடைவெளி விழுந்தது. நீளமானது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். கல் பெஞ்சு. மாமாவின் பெஞ்சு. அதில் சரிந்தாள்.

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் அவசரமில்லாமல் நடந்தது. ஹால். படுக்கையறை. சமையலறை. இழுப்பறை திறந்தது. மூடியது. பிறகு படியில் இறங்கியது.

"பூ பாக்கணும்னா சொல்லியிருக்கலாம்ல. நானே கூட்டிட்டு வந்திருப்பேன்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோளோடு தோள் பட. அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தான். அந்தத் தொடுகையில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனசு பழையபடி இளகியது. அதற்காகத் தன்னையே அவள் வெறுத்தாள். அவன் இன்னொரு கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன.

"முப்பத்தெட்டு," என்றான். "மத்தியானம் நாப்பத்தஞ்சு இருந்துது." மார்க் ஷீட்டில் எண்களை ஏற்றுகிற குரல்.

"மாமாவை..."

"ம்."

"என் கையால."

"நான் கொடுத்தா குடிப்பாரா அவரு? நீ கொடுத்தா கண்ண மூடிக்கிட்டுக் குடிப்பாரு. நீயும் அப்படித்தான, நான் கொடுத்தா." அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபமோ கேலியோ எதுவும் இல்லை. களைத்துப்போயிருந்தான். பக்கத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, அவன் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

"வீட்டை வித்துக்குங்க. அதுக்குத்தான அவரோட சண்டை போட்டீங்க. நான் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். என்னை விட்டுடுங்க." நாக்கு தடித்துப் புரண்டது.

"உன் கையெழுத்துக்கு நீ எதுக்கு?" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "அப்ப வீடுதான் பெரிசாத் தெரிஞ்சுது. இப்ப யாருக்கு வேணும் வீடு."

வெயில் போய்விட்டிருந்தது. பாத்தியின் அந்தக் கோடியில் முதல் மொட்டின் பச்சை மூடி மடங்கியது.

டொக்.

அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

கேட்கிறது. அவனுக்கும் கேட்கிறது. காதுக்குள் ஓடும் ரத்தமென்று சொன்னவனுக்கு. அவள் நெஞ்சில் எங்கேயோ ஒரு சூடு பரவியது. நான் தனியாக இல்லை. மாமா வந்துவிட்டார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

டொக். டொக். மஞ்சள் ஒவ்வொன்றாக விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் வளையம். ஏழு. எட்டு. "மாமா பாக்கறாரு," என்றாள். "எல்லாத்தையும் பாக்கறாரு. உங்களை விடமாட்டாரு." பன்னிரண்டு. பதின்மூன்று.  அவன் விரல்கள் மணிக்கட்டிலேயே இருந்தன. துடிப்பு ஒன்று. இடைவெளி. தட்டு ஒன்று. இடைவெளி. எது எதற்குப் பின்னால் வருகிறது என்று பிரிக்க முடியவில்லை.

பதினெட்டு.

பத்தொன்பது.

நின்றது. எப்போதும் போல.

பிறகு, டொக்.

இருபது. தொட்டிக்கு இந்தப் பக்கம். ஊதா மணிகள் தொங்கும் செடி. அதில் விரிவதற்கு எதுவும் இல்லை.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. நெருங்கி வந்தது. இருபத்துமூன்று. இருபத்துநான்கு. பாத்தி முடிந்தது. சத்தம் முடியவில்லை. பாத்தியை விட்டு நடைபாதைக் கல்லுக்கு ஏறியது. பெஞ்சை நோக்கி. டொக். டொக். ஒரு முதியவரின் நடை வேகத்தில்.

"மாமா," என்றாள். கையை நீட்டப் பார்த்தாள். கை எழவில்லை.

கணவன் எழுந்திருக்கவில்லை. நடுங்கவில்லை. தினமும் வந்து நிற்கிற ஆளிடம் அலுவலக ஜன்னலுக்குள்ளிருந்து சொல்கிற மாதிரி, தோளுக்கு மேலே திரும்பிச் சொன்னான்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

சத்தம் நின்றது. பெஞ்சுக்குப் பின்னால். மிகப் பக்கத்தில்.

அவன் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். "நான் என்ன பண்ணட்டும் சொல்லு. அவரு போன மறுநாள்லேர்ந்து வந்து நிக்கறாரு. தூங்க விடமாட்டேங்கறாரு. அடிப்பாரு, சபிப்பாருன்னு பயந்தேன். அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஒரே ஒண்ணுதான் கேக்கறாரு. உன் கையால போட்டது வேணுமாம். உன்னை அனுப்பச் சொல்றாரு."

இல்லை என்று சொல்ல வந்தாள். மாமா அப்படிக் கேட்கமாட்டார். என் மாமா. எண்ணிக்கை குறைகிறது பார் என்றுதானே.

மணிக்கட்டில் இருந்த விரல்கள் அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தன. அவளும் காத்திருந்தாள்.

தோட்டம் முழுக்க மஞ்சள். அவளுடைய இடது தோளுக்கு மேலாக, கன்னத்தை உரசுகிற தூரத்தில், ஒரு காலி சில்வர் டம்ளர் மெதுவாக நீண்டு வந்தது. நடுங்கிக்கொண்டே காத்திருந்தது.